கீழே இறங்கும்வரை

தாழ்ப்பாளை உள்ளே போட்டுவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

வெளியே நாற்காலி இழுபடும் சத்தம்.

கணவர் உட்கார்ந்துவிட்டார். கதவிலிருந்து சரியாக ஆறடி தள்ளி. பயிற்சி அப்படி.

தொண்டையைச் செருமிக்கொண்டு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

இருபது வருஷமாக ‘இந்தா’ என்று மட்டுமே கூப்பிட்ட வாய்.

ஏட்டு இருதயராஜைத் தெரியாதவர் அந்தக் காவலர் குடியிருப்பில் கிடையாது. திண்டுக்கல் பக்கம் எவன் செல்போன் டவரில் ஏறினாலும் ஜீப் இவரைத் தேடித்தான் வரும். சென்னையில் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர். இதுவரை பதினான்கு பேரைப் பேசியே இறக்கியிருக்கிறார். அந்தப் பதினான்கு கதையையும் அவள் சோறு போடும்போதெல்லாம் கேட்டிருக்கிறாள்.

“மேல இருக்கிறவன்கிட்ட முடியாதுன்னு சொல்லவே கூடாது. நேரத்தக் கடத்தணும். பசிக்கும், தாகமெடுக்கும். தன்னால இறங்கிருவான்.”

பன்னிரண்டு நாளுக்கு முன் அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. வால்பாறையில் ஆரம்ப சுகாதார நிலையம். நர்ஸ். நாற்பத்தொரு வயதில், இவருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்த கையோடு படித்து எழுதிய பரீட்சை.

நாளைக் காலை பத்து மணிக்குள் சேர வேண்டும். சேராவிட்டால் அந்தத் தாள் வெறும் தாள்.

அவர் போகாதே என்று சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

“நீ சொல்றது எனக்குப் புரியுது” என்றார். முதல் நாள்.

மூன்றாம் நாளும் அதையே.

ஐந்தாம் நாள், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே என்றால் அவருடைய அம்மா.

ஏழாம் நாள் அல்வா வாங்கி வந்தார்.

அல்வாவை வாயில் போட்டபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது.

டவரில் இருப்பது தான்தான்.

இன்று அவர் லீவு. காலையிலிருந்து வாசலை விட்டு நகரவில்லை. மத்தியானம் அவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டதும், அவர் முகத்தில் கவலையைவிடத் தெம்புதான் அதிகம் தெரிந்தது. இது அவருடைய மைதானம்.

“டீ வேணுமாம்மா?”

அவரே போட்டார். ஏட்டய்யா அடுப்புப் பற்ற வைத்தார் என்றால் யார் நம்புவார்கள்? அடுத்த வீட்டு வனஜாக்கா இரண்டு தரம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டாள். டீத்தூள் டப்பா எது என்று தெரியாமல் சீரகத்தைப் போட்டார் என்பது அவள் கொடுத்த கூடுதல் தகவல்.

உள்ளே அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

அந்த அறைக்குத் துணி காயப்போட ஒரு பின்கதவு உண்டு. அதை மறித்துக்கொண்டு பல வருஷமாக அரிசி டிரம் நிற்கிறது. இரண்டு ஆள் சேர்ந்தால்தான் நகரும் என்பது அவர் கணக்கு. அதில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று அவர் என்றைக்குத் திறந்து பார்த்தார்?

அந்த அரிசி எந்தெந்த வீட்டுக்குப் போனது என்பது இங்கே வேண்டாம். அந்த வாரம் நாலு வீட்டில் ரேஷன் அரிசி பொங்கவில்லை. அவ்வளவுதான்.

அவள் டிரம்மை ஒரு கையால் இழுத்தாள்.

தகரம் தரையில் கிரீச்சிட்டது.

“ஏட்டய்யா!” சரியாக அந்த நேரத்தில் வாசலில் வனஜாக்காவின் குரல். “தொண்ட கட்டிக்கப்போவுது. மைக் கொண்டாரட்டுமா?”

மாடிப்படியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவர் காதில் வாங்காதவர்போல இருந்தார். கூட்டத்தைப் பார்க்கக் கூடாது, அதுவும் பயிற்சி.

“நீ கோபமா இருக்கன்னு தெரியுது.”

பதில் இல்லை.

“மனசு விட்டுப் பேசு.”

பதில் இல்லை.

அவருக்குத் திருப்தி. மௌனம் நல்ல அறிகுறி. அப்போது நெருக்கக் கூடாது. ஆறிய டீயைக் குடித்துவிட்டு, கதவை மேலும் கீழுமாகப் பார்த்தபடி, முக்கால் மணி நேரம் பேசினார். கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போனதைக்கூடச் சொன்னார். வனஜாக்காவுக்கே கண் கலங்கிவிட்டது.

பொள்ளாச்சி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

பையை மடியில் வைத்தாள். உத்தரவு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

போன் அதிர்ந்தது. குரலுக்கு மசியாதவர்களை அவர் போனில் பிடிப்பார்.

“சரி” என்றார் அவர். “நீ போயிட்டு வா. நான் தடுக்கல. மொதல்ல கதவத் திற.”

சரி.

பன்னிரண்டு நாளில் முதல் ‘சரி’. அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. இல்லையென்று சொன்னால் பொய்.

பதினான்காவது ஆள் நினைவுக்கு வந்தார். வேலாயுதம். வீட்டுப் பட்டா கேட்டு டவரில் ஏறியவர். ‘சரி, தர்றதா சொல்லிட்டாங்க, இறங்கு’ என்று சொல்லித்தான் இவர் இறக்கினார்.

“அவருக்குப் பட்டா கெடச்சுதாங்க?” என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் கேட்டாள்.

மோர் ஊற்று என்றார்.

அவள் போனைக் காதோடு அணைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். அவசரமே இல்லாத, கனிவான குரல். அவரிடமிருந்து படித்ததுதான்.

“நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க.”

கண்டக்டர் நீளமாக விசில் அடித்தார்.

போனின் அந்தப் பக்கம் ஒரு நாற்காலி சாய்ந்து விழும் சத்தம் கேட்டது.