இறுகிப்போன பெடல்

மழை சாய்வாக அடிக்கிறது. நாலு மணி பஸ்ஸில் மகள் நேர்காணலுக்குப் புறப்படுகிறாள். அவள் மறந்துவிட்டுப் போன சான்றிதழ்ப் பொட்டலம் கிழவரின் சைக்கிள் கேரியரில் இருக்கிறது. பாலம் தாண்டியதும் பெடல் திடீரென்று கல்லாய்க் கனக்கிறது. நேற்று எண்ணெய் விட்ட மெக்கானிக்கின் வம்சத்தையே திட்டிக்கொண்டு, பூட்டிய கடையொன்றின் தகரக் கூரைக்கடியில் இறங்குகிறார். பிரேக் கட்டை உரசவில்லை. செயினைக் கழற்றினால் பெடல் பம்பரமாய்ச் சுற்றுகிறது. பின்சக்கரம்தான் முனகிக்கொண்டு நிற்கிறது. மொபெட்டோடு மழைக்கு ஒதுங்கியிருந்த பால்காரன் குனிந்து பார்க்கிறான். "பெரியவரே, பல்சக்கரத்துக்குள்ள நைலான் கயிறு சுத்திக் கிடக்கு. எந்தப் புண்ணியவான் இப்படிக் கயித்து வாலைத் தொங்க விட்டுக் கட்டினான்?" கேரியர் ஸ்பிரிங்கை நம்பாமல் பொட்டலத்தைக் கயிற்றால் எட்டுச் சுற்றுச் சுற்றியவர் அவரேதான். "எவனோ கட்டினான். நீ உன் வேலையைப் பாருய்யா." ஈரக் கயிறு பிடி கொடுக்காமல் விரலை அறுக்கிறது. "நாலு மணி பஸ்ஸுக்குள்ள இந்தச் சான்றிதழ் பஸ் ஸ்டாண்டுல என் பொண்ணு கைக்குப் போகணுமே" என்று முனகுகிறார். "இதைப் பிரிக்க அரைமணி ஆகும். குடுங்க, நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்." கிழவர் அவனை ஏற இறங்கப் பார்க்கிறார். தூரத்தில் பஸ் ஹார்ன் கேட்கிறது. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துப் பொட்டலத்தை நீட்டுகிறார். "கண்ணாடி போட்ட பொண்ணு, பச்சைக் குடை வச்சிருக்கும். அது கையிலதான் குடுக்கணும், ஆமா." மொபெட் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறக்கிறது. கிழவர் கிரீஸ் அப்பிய கயிற்றைப் பிய்த்தபடியே, அந்த வண்டியின் நம்பரை விடாமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார்.