அஞ்சு கிலோ அதிரசம்

கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால், பக்கத்து வீட்டு முத்துமாரி பெரிய டப்பாவோடு நின்றாள்.

"மதினி, தீபாவளி முடிஞ்சதும் துபாய் போறியள்லா? இந்த அதிரசத்தை எங்க தம்பிகிட்ட குடுத்திருங்க."

"தாராளமா!" என்று வாங்கிக்கொண்டாள் கலைச்செல்வி.

அவள் கணவன் சுரேந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியின் எடையைக் குறைக்க, நாலு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்து, தாராவிப் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்தான் அவன்.

முத்துமாரி போனதும் வெடித்தான். "ஏட்டி, பிள்ளையோட பால்பவுடருக்கே இடமில்ல! அஞ்சு கிலோ அதிரசத்தை என் தலையிலயா வைக்கப்போற?"

"மெதுவாப் பேசுங்க. வேண்டாம்னா அவளுக்குச் சந்தேகம் வந்துரும். அக்கா முன்னால திடீர்னு போய் நிக்கணும்னு, அவ தம்பி நாளைக்கு பம்பாய் வந்து இறங்குறான்!"