அண்ணாச்சியின் கேரவன் கிளம்பியது

பிரம்மநாயகம் அண்ணாச்சி கேரவன் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஜீப்புக்குப் பின்னால் கோத்து இழுத்துப்போகும் ஒற்றை அறை வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, ஏசி, முட்டி இடிக்கும் ஒரு கக்கூஸ். ஊர் ஊராகச் சுற்றத்தான் வாங்கினார். ஆனால் மாட்டுங்காவில் இருக்கும் பாத்திரக் கடையை ஒருநாள் பூட்டச் சொன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆகவே கேரவன் செம்பூரில், அவர்கள் பில்டிங்குக்குப் பின்னால், இழுக்க ஆளில்லாத தேர் மாதிரி நின்றுகொண்டே இருந்தது.

ஞாயிறு சாயங்காலங்களில் அண்ணாச்சியும் மனைவி பிச்சம்மாளும் அதற்குள் போய் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். ஏசிக்குக் கரண்ட், பில்டிங்கின் லிஃப்ட் மீட்டரிலிருந்து வந்தது. யாராவது அதைப்பற்றிக் கேட்டால், "நாப்பது வருஷமா பம்பாயில இருக்கேன். எவனும் எங்கிட்டருந்து ஒரு குண்டூசி எடுத்ததில்ல" என்பார். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் கிடையாது. அதை அவரிடம் யார் சொல்வது?

அப்படிப்பட்டவரை வெளியூருக்கு அனுப்ப, திடீரென்று பில்டிங்கே துடித்தது.

முதலில் பில்டிங் சொசைட்டியின் செகரட்டரி நம்பிராஜன் வந்தார். "அண்ணாச்சி, பவனா ஏரிக்கரையில கேரவன் நிறுத்த நல்ல எடமிருக்கு. சனி, ஞாயிறு பிந்தாஸா, கவலையில்லாம போயிட்டு வாங்க. வீட்டப் பத்தி டென்ஷனே வேண்டாம். நாங்க இருக்கோம்லா?"

மறுநாள் மூன்றாம் மாடி ஜெயகணேஷ், தன் செலவில் கேரவன் டயர்களுக்குக் காற்றடித்துக் கொடுத்தான்.

"நவராத்திரிக்குச் சுண்டல் கூடத் தராத பய, காத்தடிச்சுத் தாரானா?" என்றாள் பிச்சம்மாள். தை மாதம் மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த அறுபது பவுன் பீரோவில் இருந்தது. பேங்க் லாக்கரை அண்ணாச்சி நம்புவதில்லை. பேங்க்காரர்களிடமும் ஒரு சாவி இருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில் வத்தல் அள்ளப் போனவள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பேச்சுக் குரல் வரவே அப்படியே நின்றாள்.

"ரெண்டு ஆளு சொல்லியிருக்கேன்" என்றான் ஜெயகணேஷ். "அண்ணாச்சி கேட்டைத் தாண்டுனதும் எறங்கிர வேண்டியதுதான். மூணு மணி நேரத்துல வேல முடிஞ்சிரும்."

"வாட்ச்மேன்?" என்றார் நம்பிராஜன்.

"பேசியாச்சு. அவன் எதையும் பாக்கமாட்டான்."

"திரும்பி வந்து அண்ணாச்சி கத்துவாரே?"

"கத்தட்டும். போனது போனதுதான். மும்பையில எவனுக்குத் திரும்பக் கெடச்சிருக்கு?"

பிச்சம்மாள் வத்தலை விட்டுவிட்டு இறங்கி ஓடினாள். "ஏங்க, நாம போவ வேண்டாம். கழுத்தறுக்கப் பாக்கானுவ!"

விஷயத்தைக் கேட்டு அண்ணாச்சி சிரித்தார். "களவாணிப் பயலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளயே கெடக்கச் சொல்லுதியா? போவோம். கையும் களவுமா பிடிச்சு உள்ள தள்ளுதேன், பாரு."

அன்றைக்கே ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, அடுப்படியில் ஒன்று என்று கேமரா மாட்டினார். கதவுக்கு மூன்றாவது பூட்டு வந்தது. நகை, வீட்டுப் பத்திரம், வெள்ளிக் குத்துவிளக்கு எல்லாம் துணிமூட்டைக்குள் மறைந்து கேரவனில் ஏறின. பிச்சம்மாள் இட்லிக் கொப்பரையைக்கூட விட்டுவைக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வழியனுப்பக் கூட்டம் கூடிவிட்டது. நம்பிராஜன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். ஜெயகணேஷ் முன்னும் பின்னும் ஓடி, "ஆனே தோ, ஆனே தோ!" என்று வழிகாட்டினான். கேரவன் கேட்டைத் தாண்டியதும் சிலர் கைதட்டினார்கள்.

"பாத்தியா, அவனுவளுக்கு எவ்வளவு சந்தோசம்!" என்று பல்லைக் கடித்தார் அண்ணாச்சி.

ஏரிக்கரையில் தண்ணீர், மலை, மேகம் எல்லாம் இருந்தன. அண்ணாச்சி எதையும் பார்க்கவில்லை. இரண்டு நாளும் மொபைலில் தன் வீட்டு ஹாலையே பார்த்துக்கொண்டிருந்தார். சோபா இருந்தது. ஃபேன் இருந்தது. ஒருமுறை சுவரில் பல்லி ஓடியது, எழுந்து நின்றுவிட்டார். மற்றபடி ஈ காக்கைகூட வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் திரும்பினார்கள். ஜீப்பையும் கேரவனையும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, நகைக்குக் காவலாகப் பிச்சம்மாளை வைத்துவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் அண்ணாச்சி நான்கு மாடி ஏறினார். மூன்று பூட்டும் போட்டபடி இருந்தன. பீரோவில் ஒரு கீறல் இல்லை. டிவி, ஃப்ரிட்ஜ், அரிசி டின் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

அண்ணாச்சிக்கு வெட்கமாகப் போய்விட்டது. டயருக்குக் காற்றடித்துக் கொடுத்த பிள்ளையைப் போய்த் திருடன் என்று நினைத்தோமே! கண் கலங்கிவிட்டது. படியில் எதிரே வந்த நம்பிராஜனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களையெல்லாம் தப்பா நெனச்சுட்டேன்வே. மன்னிச்சிரும்."

"அதனால என்ன அண்ணாச்சி" என்று நம்பிராஜன் கையை மெல்ல உருவிக்கொண்டார். "நாங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

லேசான மனசோடு, கேரவனை உள்ளே கொண்டுவரும் முன் வழியைப் பார்த்துவிடலாம் என்று பில்டிங்குக்குப் பின்னால் போனார் அண்ணாச்சி.

இரண்டு வருஷமாகக் கேரவன் நின்ற இடத்தில், புது மஞ்சள் பெயின்ட்டில் பெயரெழுதிய இரண்டு கட்டங்களுக்குள், அதுவரை ரோட்டோரம் வெயிலில் காய்ந்த நம்பிராஜனின் காரும் ஜெயகணேஷின் காரும் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தன.