ஒயர் எட்டாத விளக்கு

நாளைக்கு மழை என்று சொல்லிவிட்டார்கள். வயலில் பாதி இன்னும் உழாமல் கிடந்தது. மழை விழுந்து சேறாகிவிட்டால் டிராக்டர் இறங்காது, இந்த வருஷ விதைப்பு அவ்வளவுதான். ராத்திரியிலும் உழுதுவிடுவது என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். பொழுது சாயும் முன்னே அந்தச் சின்ன டிராக்டரில் கூடுதலாக நான்கு விளக்குகளைப் பொருத்தினாள்.

"என்னக்கா, கல்யாண வண்டியா ஜோடிக்கிற?" என்றான் தம்பி.

"வாயை மூடிட்டு ஒயரை நீட்டுடா."

ஒயர் மூன்று விளக்குக்குத்தான் எட்டியது. நாலாவது சும்மா நின்றது.

"மூணு போதும்" என்று வண்டியில் ஏறிச் சுவிட்சைத் தட்டினாள்.

நான்கும் எரிந்தன.

தம்பி குனிந்து தடவிப் பார்த்தான். நாலாவதன் பின்னால் ஒயர் ஒன்றுமே இல்லை. "அக்கா, இறங்கிடு" என்றான் மெதுவாக.

அவள் இறங்கவில்லை. மூன்று வெளிச்சத்தில் மண் காய்ந்து கிடந்தது. நாலாவது வெளிச்சத்துக்குள் மட்டும் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எட்டிக் கையை நீட்டினாள். நனைந்தது. முழங்காலில் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வர வேண்டியது, நாளைக்கே வரட்டும்" என்று கலப்பையை இறக்கி, கியரைப் போட்டாள்.

கடைசிச் சால் முடியும்வரை அந்த மழை டிராக்டருக்கு இரண்டடி முன்னாலேயே பெய்துகொண்டு போனது, ஒரு மண்கட்டியைக்கூட நனைக்காமல்.