நீல அட்டை

அசறுத் தொழுகை முடிந்த மாலை வெயில், சாய்ந்தமருது சுனாமி வீட்டுத்திட்டத்தின் முற்றத்தில் மஞ்சளாய்க் கிடக்கிறது. பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் படிக்கும் நுஸ்ரத், "இன்று உங்கள் மனசு எப்படி?" என்று எழுதிய பலகையைச் சுவரில் சாய்த்து, மேசையில் அட்டைகளைப் பரப்பியிருக்கிறாள். சந்தோஷத்துக்கு மஞ்சள், கவலைக்கு நீலம், சொல்லத் தெரியாதவர்களுக்குச் சாம்பல். தன் மனசின் நிறத்தை எடுத்து, பக்கத்தில் கட்டியிருக்கும் கயிற்றில் கொளுவிவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான். ஆனால் கயிறு வெறுமையாய் ஆடுகிறது. மேசைக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், குடும்ப அட்டையைப் பொலித்தீன் பைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்தபடி. சுனாமிக்குப் பிறகு ஐந்து வருடமாக இங்கே நிற அட்டைக்குத்தான் நிவாரண அரிசியும் கூரைத் தகரமும் வந்தன. "புள்ள, எந்த நிறத்துக்கு என்ன தருவாங்க?" என்கிறாள் முதலில் நிற்கும் சுபைறா. "ஒண்டும் தரமாட்டம் மாமி. மனசு எப்பிடியிருக்கெண்டு காட்டினாச் சரி." சுபைறா விளங்காமல் பின்னால் நிற்பவர்களைப் பார்க்கிறாள். அவர்களுக்கும் விளங்கவில்லை. ஆனாலும் ஒருத்தியும் வரிசையை விட்டு நகரவில்லை. பொலித்தீன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறாள் சுபைறா. மஞ்சளைத் தொட்டு விலகிய அவள் விரல்கள் நீலத்தை மெதுவாக எடுக்கின்றன. நுஸ்ரத் கயிற்றைக் காட்டுகிறாள். சுபைறா கயிற்றைப் பார்க்கிறாள், அட்டையைப் பார்க்கிறாள், பிறகு நுஸ்ரத்தின் முகத்தைப் பார்க்கிறாள். "அதுல கொளுவினாக் காத்துல போயிருமே மகள். இத ஆருக்கிட்டக் குடுக்கிற?" கயிற்றைக் காட்டிய நுஸ்ரத்தின் கை, எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நிற்கிறது.