நாலு மணிச் சத்தம்

"துணியே இல்லாம வாஷிங் மெஷின் ஓடுது தம்பி. என் கண்ணால பார்த்தேன்."

சமையலறை வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டதாக நினைத்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள், தம்பியைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அக்கா.

"துவைச்சு முடிச்சிருப்பாக்கா."

"தினம் தினம் நாலு மணிக்கா? அதுவும் தொட்டிலை மெஷின் பக்கத்துலயே இழுத்துப் போட்டுக்கிட்டு! தடதடன்னு வீடே அதிருது. நாலு மாசக் குழந்தைக்குக் காது என்னத்துக்கு ஆகும்? நான் கேட்டா உன் பொண்டாட்டி நாத்தனார் புத்தின்னுடுவா. நீயே கேளு."

தம்பிக்கு வேறு கவலை.

அவன் வேலை பார்ப்பது ராணுவ முகாமில். சிப்பாய் இல்லை, கான்ட்ராக்ட் கம்பெனி அனுப்பிய ஜெனரேட்டர் மெக்கானிக். கிளம்பிப் போகும்போது மனைவிக்கு மூன்றாவது மாதம். பத்து மாதம் கழித்து, இப்போதுதான் பதினைந்து நாள் லீவில் வந்திருக்கிறான்.

வந்து மூன்று நாளாகிறது. மகள் அவனிடம் ஒட்டவே மாட்டேன் என்கிறாள். தூக்கினால் உதட்டைப் பிதுக்குகிறாள். "அப்பாடா தங்கம்" என்று கொஞ்சினால் அழுது ஊரைக் கூட்டுகிறாள். எதிர்வீட்டுக்காரர் தூக்கினால் மட்டும் பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கிறாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

லாரி அளவு இன்ஜினையெல்லாம் ஒரு தட்டில் வழிக்குக் கொண்டுவருகிறவன். ஆறு கிலோ ஜீவனிடம் அவன் பாச்சா பலிக்கவில்லை.

அன்று நாலு மணிக்கு அவனே பார்த்தான். அக்கா சொன்னது பொய்யில்லை. மெஷினுக்குள் ஒரு கர்சீப்கூட இல்லை. அது பாட்டுக்குத் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது, காலி மெஷினை ஓட விட்டிருக்க?"

"இருக்கட்டுமே" என்று சொல்லிவிட்டு மனைவி பால் புட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

பத்து மாதம் அந்த முகாமில் இரைச்சலோடு குடித்தனம் நடத்திவிட்டு வந்தால், இங்கேயும் இரைச்சலா? அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் தலைச்சன் பிள்ளையைத் தனியாளாகப் பெற்று வளர்க்கிறவளிடம் எந்த முகத்தோடு சண்டை போடுவது?

மறுநாள் காலை மனைவி குழந்தைக்கு எடை பார்க்கப் போன நேரம், ஸ்பானரை எடுத்தான்.

மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றினால், மோட்டார் போல்ட் இரண்டும் லூஸ். நாலு காலில் ஒன்று தரையையே தொடவில்லை. அரை மணி நேர வேலை. முடுக்கி, மட்டம் பார்த்து, துடைத்தும் வைத்தான். சொல்லாமல் செய்ததில் அவனுக்கே ஒரு சந்தோஷம்.

மணி நாலு. மனைவி தொட்டிலை இழுத்துப் போட்டு ஸ்விட்சைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

"கரண்ட் இல்லையா?"

"இருக்கு. ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, நீதான் இப்ப நிறுத்திட்ட" என்று சிரித்தபடி அவனே போட்டுக் காட்டினான். "கையை வச்சுப் பாரு. பூனை மாதிரி ஓடும்."

"இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றாள் அக்கா.

மனைவியின் முகம் விழுந்துவிட்டது. தொட்டிலில் மகள் கண்ணை உருட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். எதற்கோ காத்திருந்தாள். பிறகு வீறிட்டாள்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க!"

"நல்லா இருக்கே! ரிப்பேர் பண்ணிக் கொடுத்ததுக்கும் திட்டா?" என்று அக்கா சிலிர்த்துக்கொண்டாள்.

மனைவி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"அண்ணி, இவர் எங்க நின்னு போன் பேசுவார் தெரியுமா? முகாமுக்குள்ள கண்ட இடத்துல போன் பேசக் கூடாது. ரெக்கார்ட் கிக்கார்ட் எதுவும் பண்ணக் கூடாது. ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னாடி மட்டும்தான், நாலு மணிக்குக் கால் மணி நேரம். நான் ஸ்பீக்கரைப் போட்டு வயித்துகிட்ட வச்சுப்பேன். முதல்ல அந்தத் தடதட வரும். அப்புறம்தான் இவர் குரல். இவ பிறந்த பிறகும் அப்படித்தான்."

"அதுக்கும் மெஷினுக்கும் என்னம்மா?"

"நாலே காலுக்கு இவர் போனை வச்சதும் இப்படித்தான் கத்துவா. ஒருநாள் துணி போட்டேன். மெஷின் சத்தம் கேட்டுச்சோ இல்லியோ, கப்புனு அடங்கிட்டா. இவர் வந்ததுலேர்ந்து போன் இல்லையே, அதான் நாலு மணிக்கே போட்டுடறேன்." அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "சத்தம் இருந்தா அப்பா இருக்கார் அண்ணி. நின்னா, அப்பா போனை வச்சிட்டார்."

மெக்கானிக் மெஷினைப் பார்த்தான், மகளைப் பார்த்தான்.

மூன்று நாளாக, அமைதியான வீட்டில், மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறான். அவளுக்கு எப்படி அடையாளம் தெரியும்?

கையை நீட்டி மகளை வாங்கினான். அவள் கத்தினாள். அவள் தலையைத் தன் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, தொண்டையிலிருந்து "டுர்ர்ர்ர்" என்று ஓட்ட ஆரம்பித்தான். தம்பிக்கு என்னவோ ஆகிவிட்டதென்று அக்கா பயந்தேபோனாள்.

"டுர்ர்ர்ர்... ஹலோ... அப்பா பேசறேன்டா தங்கம்... கேக்குதா? டுர்ர்ர்ர்..."

அழுகை நின்றது. ஈரக் கண்ணோடு அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். மெல்லக் கையை நீட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

அவனுக்குக் கண்ணீர் கொட்டியது. துடைக்க வழியில்லை. மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாலே அங்கே உதடு பிதுங்குகிறதே!

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஸ்பானர்.

"போதும், குழந்தையை அவகிட்ட கொடுத்துட்டு முதல்ல அந்தப் போல்ட்டை லூஸ் பண்ணுடா. இன்னும் பதினோரு நாள்ல நீ கிளம்பிடுவ, அப்புறம் புள்ளைக்கு அப்பா வேணாமா?"