இல்லை கட்சிக்கு விழுந்த மாலை

மேடையில் என் மனைவி வெள்ளைத்தாய், மாரியம்மன் அற்புதமெல்லாம் சுத்தப் புளுகு என்று பாடிக்கொண்டிருந்தாள். மாரியம்மன் கோவில் வாசலிலேயே.

ஆடிப் பொங்கலுக்குப் பாட்டுப் பட்டிமன்றம். அற்புதம் உண்டா, இல்லையா? நான் உண்டு கட்சி, அவள் இல்லை கட்சி.

“வேப்பமரம் பால் வடிச்சா விழுந்து விழுந்து கும்பிடுவீக,
வீட்டு மாடு பால் வடிச்சா வெலைக்குத்தானே வித்துடுவீக!”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிரிப்பெல்லாம் அவளுக்கு, மாலை மட்டும் எனக்கு. பதினோரு வருசமாக இதே கதைதான். சாமிக்கு முன்னால் நின்று சாமியைக் கிண்டலடித்தவளை ஜெயிக்க விட எந்த ஊருக்குத் தைரியம் வரும்? விழாக் கமிட்டி மாலையையே என் உயரத்துக்கு அளந்துதான் கட்டச் சொல்லும்.

வீட்டில் நிலைமை தலைகீழ். அவள் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் விரதம். நான் கோவிலுக்குள் போவதே மைக் வயர் இழுக்கத்தான்.

ஆனால் பக்திப் பாட்டுக்கு என் தொண்டையும், தோள்வரை புரளும் என் சுருட்டை முடியும்தான் பொருத்தம் என்று ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது. “தாயே” என்று இழுத்துத் தலையை ஒரு தடவை சிலுப்பினால் முன்வரிசை சாமியாடும். அந்த முடியை நான் பிள்ளையைப் போல வளர்த்து வந்தேன்.

காலையில் பஸ்ஸில் வரும்போது வெள்ளைத்தாய் சொல்லியிருந்தாள்.

“இந்த வருசமும் தோத்தேன்னா இனிமே மேடைப் பக்கமே வர மாட்டேன். நீங்க வேற ஆளப் பாத்துக்கிடுங்க.”

வேறு ஆளா? அவள் இல்லாத மேடையில் நான் வெறும் முடிதான்.

நடுவர் ஜெபராணி டீச்சர் மணியைத் தட்டினார். சர்ச்சுக்குப் போகிறவர், அம்மன் விசயத்தில் எந்தப் பக்கமும் சாய மாட்டார் என்று கமிட்டி அவரைப் பிடித்து வந்திருந்தது.

என் முறை. மைக்கைப் பிடித்தபடி ஊரை ஒரு பார்வை பார்த்தேன்.

தெரு நெடுகச் சாக்கு விரித்து, பட்டாசுக்கு ஒட்டிய காகிதக் குழாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. மொட்டை மாடி முழுக்கக் குழாய். தீபாவளி சீசன், மறுநாள் காலையில் கம்பெனி வண்டி லோடு ஏற்ற வந்துவிடும். மேற்கே கருமேகம் திரண்டிருந்தது. எல்லாருக்கும் ஒரு கண் மேடையில், ஒரு கண் வானத்தில்.

தோற்பதற்கு எனக்கு வழி கிடைத்துவிட்டது.

“ஆத்தா இருக்கது பொய்யின்னா ஆகாசம் வெறிச்சிருக்கும்,
அவ இருக்கது மெய்யின்னா அஞ்சு நிமிசத்துல மழையடிக்கும்!”

பாடிவிட்டுத் தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பினேன்.

கூட்டம் மொத்தமும் வானத்தை அண்ணாந்து பார்த்தது. ஏழு வருசமாக அக்கினிச்சட்டி எடுக்கிற மாரித்தாய்தான் முதல் ஆளாக எழுந்தாள்.

“ஏ பாட்டுக்காரரே, வாயக் கழுவும்யா! எம்புட்டுக் குழாய் காயுது, கண்ணு அவிஞ்சா போச்சு?”

வெள்ளைத்தாய்க்குச் சொல்லியா தர வேண்டும்? என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, “வருமா?” என்று ராகம் போட்டு இழுத்தாள்.

“வராது!” என்றது கூட்டம்.

“ஆத்தா தருவாளா?”

“தர மாட்டா!”

பூசாரி பெத்தணனே உடுக்கையை அடித்து “தர மாட்டா” என்றார். அவர் வீட்டுக் குழாய் கோவில் மதில்மேல் காய்ந்துகொண்டிருந்தது.

“மாட்டா” என்று சத்தமாகக் கத்தியவர்கள், கத்தி முடித்த கையோடு கோபுரத்தைப் பார்த்து, “தாயே, தந்துராத” என்று ரகசியமாகக் கும்பிட்டதையும் பார்த்தேன்.

டீச்சர் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நாலாவது நிமிடம் என் உச்சந்தலையில் ஒரே ஒரு துளி விழுந்தது. நல்ல பெரிய துளி. முடியைக் கோதுவதுபோல் துடைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் நின்றேன்.

ஐந்து நிமிடம் முடிந்தது. மேகம் அப்படியே கிழக்கே நகர்ந்து போய்விட்டது.

“மழை வரலை. ஊரே ஒரே குரல்ல சொல்லிருச்சு. இல்லை கட்சி ஜெயிச்சது” என்று டீச்சர் மணியை அடித்தார். மாரித்தாய் குலவை போட்டாள்.

என் உயரத்துக்குக் கட்டிய மாலை வெள்ளைத்தாயின் முழங்காலைத் தொட்டது. அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஜெயிக்க வைத்தது நான்தான் என்று ஒரு நாளும் அவளுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் காதருகே வந்தாள்.

“ஆத்தா கைவிடலை, பாத்தீகளா! நான் ஜெயிச்சா வர்ற வெள்ளி இருக்கன்குடி மாரியம்மன் கோவில்ல மொட்டை போடுறதா நேந்திருந்தேன்.”

“அடிப்பாவி, இம்புட்டு முடியவா எடுக்கப் போற?” என்று அவள் கொண்டையைப் பார்த்துப் பதறினேன்.

“எம்முடி எதுக்கு? உங்க முடியத்தான் நேந்திருக்கேன்.”

உண்மையைச் சொன்னால் முடி தப்பிக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாலைக்கு மேலே சிரிக்கிற அவள் முகத்தைப் பார்த்தேன். பதினோரு வருசமாக நான் பார்க்காத சிரிப்பு.

“சந்தனம் மறக்காம எடுத்து வை” என்றேன்.